ஊசிப்பாறைவலசுக்கு இறங்கிய கயிறு

ஆவணி பிறந்த ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை காலையில் பால் ஊற்றப் போனவர்கள், ஊசிப்பாறைவலசின் பாழுங்கிணற்றுக்குள் வானத்திலிருந்து ஒரு கயிறு இறங்கியிருப்பதைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் பால் ஊற்றப் போனார்கள், ஏனென்றால் பால் வண்டி ஆறரைக்கு மேல் யாருக்காகவும் நிற்காது. திரும்பி வரும்போதும் கயிறு அங்கேயே இருந்தது. கட்டைவிரல் தடிமன், அடுப்புக்கரி நிறம், முறுக்கும் இல்லை பிசிரும் இல்லை. தென்னை மட்டையைப் பிய்த்துப் போடுகிற காற்று அடித்தும் அது ஓர் இம்மிகூட ஆடவில்லை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம் வரைக்கும் கயிறாகவும், அதற்கு மேல் கோடாகவும், அதற்கும் மேல் ஒரு கோடு இருந்த ஞாபகமாகவும் போய்க்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்குள் ஊர் பழகிவிட்டது. காக்கைகள் அதை ஒதுக்கிப் பறக்கப் பழகின. மினிபஸ் கண்டக்டர் "கயித்துக்கிட்ட எறங்கறவங்க எந்திரிங்க" என்று சொல்லப் பழகினார். கிணற்றுமேட்டில் மாடு கட்டுகிறவர்கள் முளைக்குச்சியைப் பத்தடி தள்ளி அடித்தார்கள். கயிறு யாருடையது என்று கேட்டவர்கள் உண்டு, புறம்போக்கில் இறங்கியதால் அது ஊருக்குப் பொதுவா என்று கேட்டவர்களும் உண்டு. மேலே எதில் கட்டியிருக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

ராக்கியப்பன் சாயங்காலம்தான் வந்தார். அறுபத்தெட்டு வயது. கிணறு வெட்டியே முறுகிப்போன உடம்பு. மற்றவர்கள் எல்லோரும் மேலே பார்த்தார்கள், அவர் ஒருவர்தான் கீழே பார்த்தார். கயிறு கிணற்றுக் கரையிலிருந்து கை எட்டுகிற தூரத்தில் இறங்கி, தொண்ணூறடிக்குக் கீழே, காய்ந்து கிடந்த தரைக்கு மார்பளவு மேலே ஒரு கொக்கியோடு முடிந்திருந்தது. கூடை மாட்டுகிற உயரம் அது.

"மேல நிக்கறவனுக்கு வேலை தெரிஞ்சிருக்குது" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர், அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அவர் வராததன் காரணம் ஊருக்குத் தெரியும். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கிணற்றை வெட்டியவர் அவர்தான். அவரும், அவர் தம்பி சென்னியப்பனும், அவர் மனைவி பாவாத்தாளின் அண்ணன் அத்தப்பனும். அண்ணன் தம்பி இருவரும் உள்ளே இறங்கிப் பாறையை உடைப்பார்கள். அத்தப்பன் மேலே நின்று கிரேனைக் கையால் சுற்றி, கல்லையும் மண்ணையும் ஆளையும் கூடையில் ஏற்றி இறக்குவார். கம்ப்ரசர் சத்தத்தில் கத்தினால் கேட்காது என்பதால் பேச்செல்லாம் கயிற்றில்தான். கீழே இருப்பவன் ஒரு தரம் இழுத்தால் நில்லு, இரண்டு தரம் இழுத்தால் தூக்கு, மூன்று தரம் இழுத்தால் இறக்கு. கிணறு வெட்டுகிற மற்ற செட்டுக்காரர்கள் ஒன்றுக்கே தூக்குவார்கள். இரண்டுக்குத் தூக்குவது இவர்கள் மூன்று பேருக்குள் வைத்துக்கொண்ட கணக்கு. தொண்ணூறாவது அடியில் பதினொரு குழி போட்டு, வெடிமருந்து கெட்டித்து, திரி கொளுத்திய அன்றைக்கு, கொளுத்தியவன் கடைசியில் வர வேண்டும் என்கிற முறைப்படி ராக்கியப்பன் முதலில் மேலே வந்தார், கூடை மறுபடி கீழே போனது, சென்னியப்பன் அதில் ஏறிக் கயிற்றை இழுத்தான், கூடை அசையவில்லை, பதினொரு குழியும் வெடித்தன. மேற்குச் சுவர் அப்படியே சரிந்தது. மூன்று நாள் கல்லைப் புரட்டித் தேடியதில் ஒரு துண்டும் ஒரு ரப்பர் செருப்பும் கிடைத்தன, ஆள் கிடைக்கவில்லை. நாலாம் நாள் அத்தப்பன் தன் கிரேனைத் தனியாளாகத் தள்ளிக்கொண்டு வந்து அந்தக் கிணற்றுக்குள் உருட்டிவிட்டார்.

"ரெண்டு தடவ இழுத்தான். நான் கரையில நின்னேன், எனக்குத் தெரியும்" என்றார் ராக்கியப்பன்.

"எனக்கு வந்தது ஒண்ணு. ஒண்ணுன்னா நில்லு. நின்னேன்" என்றார் அத்தப்பன்.

இருபத்தேழு வருஷமாக இதற்கு மேல் ஒரு சொல் கூடவும் இல்லை குறையவும் இல்லை. இரண்டு வீடும் ஒரே தெருவில் எதிரெதிரே இருந்தன. இரண்டு என்று அத்தப்பன் தன் வாயால் ஊர் முன்னால் சொல்கிறவரைக்கும் பாவாத்தாள் தெருவைத் தாண்டக் கூடாது என்றார் ராக்கியப்பன். பாவாத்தாள் தாண்டவில்லை. அவளுடைய அம்மா அந்த வீட்டில் செத்தபோது இந்தப் பக்கம் நின்று அழுதாள், பாடையைத் தூக்கிக்கொண்டு போகும்போது இந்தப் பக்க ஓரமாகவே தெருக்கோடி வரை நடந்தாள். ஊரும் சும்மா இருக்கவில்லை. அது ஒண்ணுக்காரர்கள் என்றும் ரெண்டுக்காரர்கள் என்றும் பிரிந்தது. பெண் கேட்டு வருகிறவர்களிடம் ஜாதகத்துக்கு முன்னால் அதைத்தான் விசாரித்தார்கள். தேர்தலிலும் அதுவே நின்றது. இப்போதைய ஊராட்சித் தலைவர் தெய்வாத்தாள், அப்பன் ஒண்ணும் மாமனார் ரெண்டுமாக இருந்ததால் மட்டுமே இரண்டு பக்க ஓட்டும் வாங்கி ஜெயித்தவள்.

கயிறு இறங்கிய ஐந்தாம் நாள் அதிகாரிகள் வந்தார்கள். கிணற்றைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள், ஒரு பலகை நட்டார்கள், கயிற்றில் ஒரு துணுக்கு வெட்டப் பார்த்து நாலு ரம்பத்தை மழுக்கிக்கொண்டார்கள். அவர்களோடு வந்த ஒரு படித்த பெண் பொறுமையாக எல்லாவற்றையும் சொன்னாள். பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு லிஃப்ட் போட வேண்டும் என்று உலகம் பூரா யோசித்துக்கொண்டிருக்கிறார்கள், அதை இங்கேயிருந்து மேலே கட்ட முடியாது, மேலேயிருந்து கீழே தொங்கவிட வேண்டும், முப்பத்தாறாயிரம் கிலோமீட்டரையும் தாண்டி அந்தப் பக்கம் ஒரு பெரிய கல்லைக் கட்டிவிட்டால் பூமி சுற்றுகிற வேகத்தில் கயிறு விறைத்து நிற்கும் என்றாள்.

"கவண் கல்லாட்டம்" என்றார் ஒருவர்.

"அதேதாங்க. ஆனா இன்னும் யாரும் போடலை. எந்த நாட்டுக்காரங்களும் நாங்க போட்டோம்னு சொல்லலை. போட்டாலும் பூமியோட இடுப்புல, நட்டநடுக் கோட்டுலதான் போடணும். இது இங்க நிக்கறதே தப்பு."

"தப்புன்னா? எங்கூரு கெணறு எடஞ்சலா இருக்குதுங்களா?" என்று தெய்வாத்தாள் கோபித்துக்கொண்டாள். அதிகாரிகள் போய்விட்டார்கள். வேலியில் ஆள் நுழைகிற சந்து ஒன்றை அன்று சாயங்காலமே ஊர் ஏற்படுத்திக்கொண்டது.

முதலில் போனது தண்ணீர் கேட்டு எழுதிய மனு. ஓர் இரும்புக் கூடையைக் கொண்டுவந்து கொக்கியில் மாட்டி, மனுவையும் ஒரு பூசணிக்காயையும் வைத்து, கல் சரிந்து பாதி மறைந்துபோன படியில் இறங்கிப் போன ஆட்கள் சும்மா கயிற்றை ஆட்டிப் பார்த்தார்கள். ஒரு தரம் இழுத்தால் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு தரம் இழுத்தார்கள். கூடை மேலே போனது. வேகமாக அல்ல, கையால் சுற்றுகிற ஒருவன் மூச்சு வாங்கிச் சுற்றுகிற வேகத்தில். இந்த வேகத்துக்குப் போய்ச்சேரவே ஏழு வருஷம் ஆகும் என்று அந்தப் படித்த பெண் போனில் கணக்குச் சொன்னாள். ஒன்பதாம் நாள் கூடை திரும்பி வந்தது, தொட்டால் கை ஒட்டிக்கொள்கிற குளிரோடு, காலியாக. அதன் ஒரு பக்கத்து விளிம்பு மட்டும் புதிதாகத் தேய்ந்திருந்தது. மண் கூடையை விளிம்பில் சாய்த்துக் கொட்டினால் தேய்கிற இடம் அது. மேலே நிற்பவன் கூடையில் என்ன வந்தது என்று பார்ப்பதில்லை. அவனுக்கு எல்லாம் மண்தான்.

இதைத் தெரிந்துகொண்டதும் மனு எழுதுவதை விட்டுவிட்டு, வேண்டாததை எல்லாம் அனுப்ப ஆரம்பித்தார்கள். ஓடாத மோட்டார் போனது. கடித்த நாய் போனது. பத்து வருஷம் நடந்து தோற்ற வழக்கின் காகிதக் கட்டு போனது. ஒருத்தி, கல்யாண ஆல்பத்தைப் பட்டுத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியேறினாள். வெளியூர்க்காரர்கள் செத்தவர்களின் படுக்கையைக் கொண்டுவந்தார்கள். இரண்டு இழுப்பு, கூடை போகும். ஒன்பதாம் நாள் அது தானாகத் திரும்பி வரும். கிணற்றுக் கரையில் யாரும் நிற்கத் தேவை இருக்கவில்லை, கீழே ஓர் ஆள் இருந்தால் போதும்.

கூடை போகும்போதெல்லாம் மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. டக், டக், டக் என்று இரும்பில் இரும்பு விழுகிற சத்தம். ஏழு விழும், எட்டாவது விழாது, மறுபடி ஏழு விழும். வெயிலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் அந்த எட்டாவதுக்காகத் தங்களை அறியாமல் மூச்சைப் பிடித்தார்கள். ஆடுகள் அந்த இடைவெளியில் மேய்வதை நிறுத்தி நின்றன.

அத்தப்பன் ஒருநாள் டீக்கடையில் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அது என் கிரேனுங்க. சக்கரத்துல எட்டாவது பல்லு ஒடஞ்சது. நான் கெணத்துல உருட்டிவுட்டது."

கடையில் இருந்தவர்கள் டீயைக் குடித்தார்கள். கிணற்றுக்குள் தள்ளியது வானத்தில் எப்படி இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ரெண்டுக்குத் தூக்குகிற கணக்கு மூன்று பேருக்குத்தான் தெரியும், இரண்டு பேர் இங்கே தெருவில் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள், அப்படியானால் மேலே நின்று சுற்றுகிறவன் யார் என்று எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அத்தப்பன் தெய்வாத்தாளைக் கூட்டிக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்தார். ராக்கியப்பன் தன் வாசலில் வேப்பங்குச்சியோடு நின்றார். இருவருக்கும் நடுவே நாலு எட்டு தூரம். பேச்சு தெய்வாத்தாள் வழியாகத்தான் நடந்தது, அதுதான் வழக்கம்.

"நான் மேல போறன்னு சொல்லுங்க அவருகிட்ட" என்றார் அத்தப்பன்.

"மேல போறாருங்களாமா" என்றாள் தெய்வாத்தாள்.

"போகச் சொல்லு. ஆராச்சும் கயித்தைப் புடிச்சு நிறுத்துனாங்களா?"

"சென்னியப்பன்கிட்டயே கேட்டுப்போடறேன். ரெண்டுன்னு அவன் சொன்னான்னா, எறங்கி வந்து ஊரு முன்னால நானும் ரெண்டுன்னு சொல்லிப்போடறேன். பொறவு என் தங்கச்சி என் ஊட்டுக்கு வந்து போகோணும். அவ்வளவுதான்."

ராக்கியப்பன் குச்சியைத் துப்பினார். இருபத்தேழு வருஷம் அவர் எதற்காகக் காத்திருந்தாரோ அது நாலு எட்டு தூரத்தில் நின்றுகொண்டிருந்தது. அவருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"அதுக்கு என்னை எதுக்குக் கூப்படறாரு?"

"அன்னிக்கு நின்ன எடத்துல அவரு நிக்கோணும்னு சொல்லுங்க. சென்னியப்பன் எடத்துல நானு. என்ற எடத்துல அவன். அவரு மட்டும் அவரு எடத்துல நிக்கட்டும். அப்பத்தான் சரியா இருக்கும்."

தெய்வாத்தாள் திரும்பச் சொல்ல வாயெடுத்தாள். "காது கேக்குது" என்றார் ராக்கியப்பன். உள்ளே இருந்து பாவாத்தாள் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணனுக்கு எழுபத்திரண்டு வயது, தலை முழுக்க நரைத்திருந்தது. இத்தனை கிட்டத்தில் அவள் அதைப் பார்ப்பது அதுவே முதல் தடவை.

"போயி நில்லுங்க" என்றாள் கணவனிடம். "நானும் அந்த ரெண்டைக் கேட்டுட்டுச் சாகறேன்."

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஊர் பூராவும் கிணற்றுமேட்டில் கூடியது. ஒண்ணுக்காரர்கள் தெற்கே நின்றார்கள், ரெண்டுக்காரர்கள் வடக்கே நின்றார்கள், வெளியூரில் வாக்கப்பட்ட பெண்கள்கூட வந்து அவரவர் பிறந்த வீட்டுப் பக்கமாக நின்றார்கள். அத்தப்பன் குளித்து வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். படியில் இறங்குவதற்கு முன்னால் தெருவைத் தாண்டாத தங்கச்சியை ஒரு தரம் பார்த்தார். இங்கே தெரு இல்லை. ஆனாலும் பாவாத்தாள் பத்தடி தள்ளித்தான் நின்றாள், அவளுக்கு அது பழகிப்போயிருந்தது.

ராக்கியப்பன் கரையில் தன் இடத்தில் நின்றார். கரையில் நிற்பவனுக்கு ஒரு வேலை உண்டு, கூடை பாறையில் இடிக்காமல் கயிற்றைக் கையால் தள்ளி நிறுத்திக்கொள்வது. இந்தக் கயிறு ஆடாத கயிறு, பிடிக்க வேண்டியதே இல்லை. ஆனால் கைக்கு எட்டுகிற தூரத்தில் கயிறு இருந்தபோது கை தானாகப் போய்ப் பிடித்துக்கொண்டது. கயிறு சூடாகவும் இல்லை குளிராகவும் இல்லை, இன்னொருவர் கையைப் பிடித்த மாதிரி இருந்தது. அவர் எட்டிப் பார்த்தார். தொண்ணூறடிக்குக் கீழே ஒரு கூடையும் அதில் கடுகளவு ஒரு தலையும் தெரிந்தன. அந்தத் தலை அத்தப்பனுடையது என்று அவருக்குத் தெரியும். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் எல்லாத் தலையும் ஒரே தலைதான் என்பதும் அவருக்குத் தெரியும். திரி எரிகிற வாசனை எங்கிருந்தோ வந்தது. கை இறுகியது.

கீழே அத்தப்பன் கயிற்றை இரண்டு தரம் இழுத்தார். கரையில் முன்வரிசையில் நின்ற எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒன்று, இரண்டு.

கூடை அசையவில்லை. மேலே சத்தம் எதுவும் இல்லை.

ஊர் காத்திருந்தது. சென்ற இரண்டு மாதத்தில் இரண்டு இழுப்புக்கு அசையாமல் இருந்ததே இல்லை. "ஆளுன்னா தூக்கமாட்டானோ" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அத்தப்பன் மறுபடியும் இரண்டு தரம் இழுத்தார். ஒன்று, இரண்டு. மேலே யாரோ காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு நிற்கிற மாதிரி ஓர் அமைதி இறங்கியது, அது கயிற்றின் வழியாகவே இறங்கியது.

மூன்றாவது தடவை இழுத்தபோதுதான் ராக்கியப்பனுக்கு உள்ளங்கையில் தெரிந்தது. முதல் இழுப்பு கீழேயிருந்து ஏறி வந்து, அவருடைய பிடிக்குள் நுழைந்து, அங்கேயே செத்துப்போனது. அந்த இழுப்பில் அவர் கை கொஞ்சம் இளகியது. இளகிய கைக்குள் புகுந்து இரண்டாவது இழுப்பு மட்டும் மேலே போனது. ஒன்று. மேலே நிற்பவனுக்கு ஒன்று. ஒன்று என்றால் நில்லு. அவன் நின்றுகொண்டிருந்தான்.

அன்றைக்கும் அவர் இதே இடத்தில், இதே கையால், இதைவிட இறுக்கிப் பிடித்திருந்தார். உள்ளே திரி எரிந்துகொண்டிருந்தது, தம்பி உள்ளே இருந்தான், பயத்தில் கயிற்றைத்தான் பிடித்துக்கொண்டார். பிடித்தது அவருக்கு எந்நாளும் ஞாபகம் இருந்தது. இரண்டும் தன் கையில் வந்து இடித்ததால்தானே இருபத்தேழு வருஷம் இரண்டு இரண்டு என்று அடித்துச் சொல்ல முடிந்தது. கையில் வந்தது கையைத் தாண்டிப் போனதா என்று மட்டும் அவர் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அவர் கையை விட முயன்றார். விரல்களை ஒவ்வொன்றாக இடது கையால் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. பிரித்தவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி நகர்ந்து நின்றார். கீழே அத்தப்பன் நாலாவது தடவையாக இழுத்தார். ஒன்று, இரண்டு. மேலே டக் என்றது.

கூடை சுற்றாமல் ஆடாமல் ஏறி வந்தது. அத்தப்பன் அதில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். கரைக்கு நேராக முகம் வந்தபோது ராக்கியப்பன் அவரைப் பார்த்துப் பேசினார். தெய்வாத்தாள் பக்கத்தில்தான் நின்றாள், ஆனால் நேராகவே பேசினார்.

"ஒண்ணுதான் மச்சான். உங்களுக்கு வந்தது ஒண்ணுதான். இன்னொண்ணு என் கையில நின்னுபோச்சு."

ஏழு பல் விழுந்தது. எட்டாவது விழவில்லை. அந்த இடைவெளியில் கூடை ஒரு கணம் நின்றது.

"தெரியுமுங்க மாப்ள" என்றார் அத்தப்பன். "கிரேனைப் புடிச்சுட்டுத் திரும்பிப் பார்த்தனுங்க. உங்க கை கயித்துல இருந்துது."

"அப்ப ஏன் சொல்லல?"

"தம்பியப் பறிகுடுத்துட்டு நிக்கறவருகிட்ட எந்த வாயால சொல்றதுங்க? நாஞ் சொல்லாட்டி, என்னைத் திட்டிக்கிட்டாச்சும் உசுரோட இருப்பீங்க."

மறுபடி டக் என்றது. கூடை ஓர் ஆள் உயரம் ஏறிவிட்டது. ராக்கியப்பன் கையை நீட்டினார். "எறங்குங்க மச்சான். குதிச்சுப்போடுங்க, நான் புடிச்சுக்கறேன். போயிக் கேக்கறதுக்கு இனி என்ன இருக்குது?"

"கேக்கப் போகலீங்க. மேல இருந்து யாருமே தூக்கலைன்னு அவன் நெனச்சுட்டிருப்பான் பாருங்க. போயி நடந்ததைச் சொல்லிட்டு வர்றேன்."

அதற்கு மேல் அவர் பேசியது கேட்கவில்லை. கூடை தென்னை உயரம் போனது, பறவை போகிற உயரம் போனது, கோட்டில் ஒரு முடிச்சாயிற்று, முடிச்சும் இல்லாமல் போயிற்று. சத்தம் மட்டும் ஏழேழாக விழுந்துகொண்டிருந்தது. தெற்கே நின்றவர்கள் வடக்கே பார்த்தார்கள், வடக்கே நின்றவர்கள் தெற்கே பார்த்தார்கள். இழுத்தது இரண்டு, போனது ஒன்று, இரண்டு கட்சியும் ஜெயித்துவிட்டது. இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு எந்தப் பக்கம் நின்று வீட்டுக்குப் போவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவருக்கொருவர் வழிவிட்டு வழிவிட்டு, வெகுநேரம் அங்கேயே நின்றார்கள்.

ஒன்பதாம் நாள் கூடை திரும்பவில்லை. பத்தாம் நாளும் திரும்பவில்லை. கீழே இழுத்துப் பார்க்கக் கயிறு எட்டவில்லை, அது கரைக்கு மேலே ஏறிப்போய் எங்கோ நின்றுவிட்டது.

அதற்கெல்லாம் பாவாத்தாள் காத்திருக்கவில்லை. அன்றைக்கே, கூடை கண்ணுக்கு மறைந்த மாத்திரத்தில், புடவையை உதறிச் சொருகிக்கொண்டு ஊருக்குள் நடந்தாள். ராக்கியப்பன் பின்னாலேயே போனார். தெருவுக்கு வந்ததும் அவள் தன் வீட்டு வாசலைத் தாண்டி, நின்று யோசிக்காமல், எதிர்ப்பக்கம் போனாள். அண்ணன் வீட்டுக் கதவு சும்மாதான் சாத்தியிருந்தது. அவள் உள்ளே போய் ஜன்னலைத் திறந்தாள். பெருக்கினாள். குடத்தை எடுத்துக்கொண்டு வந்து, வாசலில் நின்றவரைச் சுற்றிக்கொண்டு குழாய்க்குப் போய், தண்ணீரோடு அதேபோல் சுற்றிக்கொண்டு திரும்பிப் போனாள்.

"பாவாத்தா" என்றார் ராக்கியப்பன் நடுத்தெருவிலிருந்து. "ஏ, பாவாத்தா. நம்மூட்டுல ஒல வைக்க வேண்டாமா?"

உள்ளேயிருந்து அடுப்பு பற்றவைக்கிற சத்தம் வந்தது. பிறகு டப்பாவின் மூடியைத் திறக்கிற சத்தம். பிறகு, பாத்திரத்தில் ஒரு தம்ளர் அரிசி விழுகிற சத்தம்.

அவர் உச்சி வெயிலில் அசையாமல் நின்று, இன்னொரு தம்ளர் விழுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.